ஐந்தாவது குழி

“அந்த ரூம் எனக்கு வேணும்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாலு பேரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவள் இதைச் சொன்னாள். அம்மாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. அப்பா தட்டுக்குள் எதையோ தொலைத்துவிட்டவர் போலக் குனிந்துகொண்டார். அண்ணன் மட்டும் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, “எந்த ரூம்?” என்றான், என்னவோ அந்த வீட்டில் பத்துப் பன்னிரண்டு அறைகள் இருப்பது மாதிரி.

இருந்தது ஒன்றுதான். முன்கூடம், சமையலறை, அதை விட்டால் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரே ஓர் அறை. “என்ன வேணா கேளு, அண்ணன் ரூமை மட்டும் வாயெடுத்துக் கேட்றாதே” என்று அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். அண்ணன் பத்தாவது படித்தபோது, பிள்ளை அமைதியாகப் படிக்கட்டும் என்று கொடுத்த அறை அது. அவன் படிக்கவில்லை, அறையைத் திரும்பக் கேட்க யாருக்கும் வாய் வரவும் இல்லை. பிறகு அவன் போன் ரிப்பேர் கடைக்கு வேலைக்குப் போனான், உழைக்கிற பிள்ளை நிம்மதியாகத் தூங்க வேண்டாமா என்றார்கள். அந்த வீட்டில் தட்டிவிட்டுத் திறக்கப்படும் ஒரே கதவு அதுதான்.

அவள் படித்தது கூடத்தில், அம்மாவின் தையல் மிஷினுக்கு மூடி போட்டு, அந்தப் பலகையின்மேல். மிதிகட்டையில் காலை ஆட்டிக்கொண்டே வேதியியல் படித்து, அந்தக் குடும்பத்தின் முதல் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். வந்த அன்றே அண்ணன் அவளுக்கு ‘டிகிரி’ என்று பெயர் வைத்தான். நிலைத்துவிட்டது. குடிநீர் ஆய்வகத்தில் வேலை கிடைத்த பிறகும் அவள் உடை மாற்றுவது சமையலறையில்தான், “யாரும் வராதீங்க, வராதீங்க” என்று கத்திக்கொண்டே. சரியாக அந்த நேரம் பார்த்து யாருக்காவது தாகம் எடுக்கும்.

“உன் ரூம்தான்” என்றாள் அண்ணனிடம். “ரெண்டு நாள் போதும்.”

அம்மா கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டாள். “ஏன்டி, உனக்கா? அதுக்கா?”

அவள் ஒரு நொடி தயங்கினாள்.

“அதுக்கு” என்றாள்.

அது என்பது கூடத்து மூலையில், கம்பிவலைக் கூண்டுக்குள் இருந்தது. ஊரை விட்டுப் போன நண்பன் ஒருவன் அண்ணனிடம் விட்டுப்போன பச்சோந்தி. ஒரு கண் கதவையும் இன்னொரு கண் அடுப்படியையும் தனித்தனியாகக் கண்காணிக்கும். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று குறித்துவைப்பது போன்ற அந்தப் பார்வைக்காகவே வீட்டில் அதற்கு ‘மேடம்’ என்று பெயர். சொந்தக்காரன் அண்ணன். கூண்டைத் துடைப்பது, இலைகளில் தண்ணீர் தெளிப்பது, பூச்சிமேல் கால்சியம் பொடி தூவிக் கொடுப்பது எல்லாம் டிகிரி. யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும் அண்ணனுக்குப் பாசம் பொங்கும். “நாக்கு எப்படிப் பாயுது பாருங்க” என்று ஒன்றன்பின் ஒன்றாக வெட்டுக்கிளியை நீட்டுவான். ஒரு விருந்தாளிக்கு எட்டு வெட்டுக்கிளி.

அப்படித் தின்றே அதன் வயிறு இரண்டு பக்கமும் புடைத்தது. விரலால் மெல்லத் தடவினால் தோலுக்கடியில் திராட்சைக் குலை மாதிரி தட்டுப்பட்டது. சாப்பாட்டை நிறுத்தியது. கிளைமேலேயே வாழ்கிற பிராணி, கூண்டின் தரைக்கு இறங்கி மூலை மூலையாகப் பிறாண்டியது.

“முட்டை” என்றாள் அவள்.

“தொப்பை” என்றான் அண்ணன். “ஆம்பளையே இல்லாம எங்கேருந்துடி முட்டை வரும்? இதைத்தான் உனக்கு காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?”

அவள் விலங்கு மருத்துவமனைக்குப் போன் போட்டாள். டாக்டரம்மா கறாராகப் பேசுகிறவர். “கோழி சேவல் இல்லாம முட்டை போடறதில்லையா? அது மாதிரிதான். ஆனா கோழி எங்க வேணா போட்டுடும். இது மண்ணைத் தோண்டி, உள்ளே இறங்கித்தான் போடும். ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல் வை. சுத்தித் துணி கட்டு. முக்கியமான விஷயம், யாரும் பாக்கக் கூடாது. தோண்டும்போது ஒரு மனுஷக் கண்ணு பட்டாலும் போதும், குழியை விட்டுட்டு ஏறிடும். முட்டையை உள்ளேயே அடக்கி வெச்சுக்கும். அடக்கி வெச்சா செத்துப்போகும்.”

அப்பா பெயிண்டர். மறுநாளே, சுவரில் பூசுகிற பட்டி மாவு வந்த பெரிய வாளி ஒன்றைக் காலி செய்து கொண்டுவந்தார். அவள் அதை ஆய்வகப் புட்டியைக் கழுவுவதைப் போல மூன்று தடவை கழுவி, கழுவிய தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் மணலைக் கொட்டினாள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலை விட்டு எடுத்தால் துளை இடியக் கூடாது. அந்தப் பக்குவத்துக்கு நனைத்து, கூண்டுக்குள் வைத்து, போர்வையால் சுற்றிக் கட்டி, மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னாள்: “யாரும் பாக்காதீங்க.”

மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

அதற்கு அடுத்த நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் வாளியில் பாதி தோண்டிய குழி. மேடம் உச்சிக் கிளையில். “பாவம்டி, தாகமா இருக்குமேன்னு லேசா துணியை ஒதுக்கித் தண்ணி தெளிச்சேன்” என்றாள் அம்மா. அதற்கடுத்த நாள் இன்னொரு பாதிக் குழி. அது அப்பா. “அது உடம்பு மேலே மஞ்சளும் நீலமுமா புள்ளி வந்திருக்கும்மா. அந்த நீலத்துக்கு எதை எதைக் கலக்கணும்னு பாத்தேன். ஒரே ஒரு நிமிஷம்தான்.” மூன்றாம் நாள் குழி எதிர்வீட்டு அக்காவுக்காக. “அவ இதெல்லாம் பாத்ததே இல்லையாம். ஆசையா கேட்டா, எப்படிடி மாட்டேன்னு சொல்றது?” என்றாள் அம்மா. ஒருவரும் கெட்ட எண்ணத்தில் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாரும் பிரியமாகப் பார்த்தார்கள். அந்தப் பிரியத்தில் மூன்று குழி பாழானது, வயிறு இன்னும் புடைத்தது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

“என் ரூம்ல பல்லிக்குப் பிரசவமா? நல்லாருக்கே கதை” என்றான் அண்ணன்.

“அது உன் பல்லிதானே?”

“என்னோடதுதான். அதுக்காக நான் கூடத்துல படுக்கணுமா?”

“நான் இருபத்து மூணு வருஷமா கூடத்துலதான் படுக்கறேன். இன்னும் உயிரோடதான் இருக்கேன்.”

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னடி பெரிய இது? உன்னைப் பெத்தப்போ பெரியாஸ்பத்திரியில என்னைச் சுத்தி பத்துப் பேர் நின்னாங்க. படிக்கற பசங்க வேற, நோட்டும் கையுமா. நான் பெக்கலையா?”

“உனக்குப் பிடிச்சிருந்துதாம்மா?”

அம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தன.

திங்கட்கிழமை அண்ணன் கடைக்குக் கிளம்பியதும் அவள் ஆய்வகத்துக்கு விடுப்பு சொன்னாள். கூண்டைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த அறையில் வைத்தாள். அண்ணனின் சட்டைகளையும் அவனுடைய இரண்டு ஜோடி ஷூவையும் எடுத்துக் கூடத்தில் அடுக்கினாள். ஜன்னலைச் சாத்தி, கதவை இழுத்துச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அம்மா தைத்துக்கொண்டே அவளை முறைத்தாள். ஆனால் எழுந்து வரவில்லை. மத்தியானத்துக்குமேல் கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. வாளியின் சுவரில் மணல் தெறிக்கிற சர்… சர்… அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் மிஷினை நிறுத்தினாள். இரண்டு பேரும் அந்தச் சத்தத்தை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு மணி நேரம் அவள் அம்மாவை மன்னித்திருந்தாள்.

நாலரைக்கு அண்ணன் வந்துவிட்டான், கூட ஒரு நண்பனோடு.

“நகரு, என் சார்ஜர் உள்ளே இருக்கு.”

“நான் வேணா என்னோடதைத் தரேன்.”

“என் ரூமுக்குப் போக உன்கிட்ட பெர்மிஷன் வாங்கணுமா? நகருடி.”

அவள் எழுந்து இரண்டு கையையும் நிலைப்படியில் ஊன்றிக்கொண்டு நின்றாள். நண்பன் சங்கடமாகச் சிரித்தான். அதுதான் வினையாகிவிட்டது, இன்னொருவன் முன்னால் தங்கையிடம் தோற்க அண்ணனுக்கு மனசில்லை. அம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். “விடுடி, எடுத்துட்டு உடனே வந்துடுவான். ஒரு நிமிஷத்துல என்ன ஆயிடப்போகுது?” அம்மா பிடித்த கை வலது கை. அண்ணன் அந்தப் பக்கமாகவே நுழைந்தான்.

சார்ஜர் எடுக்க ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். அவன் போர்வையையும் தூக்கினான். போனில் விளக்கைப் போட்டு வீடியோவும் எடுத்தான். “டேய், பாதி உடம்பு மண்ணுக்குள்ள இருக்குடா!” என்று உள்ளிருந்து அவன் கத்தியது தெருவுக்கே கேட்டது.

அவள் போய்ப் பார்த்தபோது மேடம் உடம்பெல்லாம் கறுத்துப்போய்க் குழியிலிருந்து வெளியே வந்திருந்தது. கிளையில் ஏறப் பார்த்தது. பிடி நழுவியது. கூண்டுத் தரையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது.

மறுநாள் காலை வெளிச்சத்திலும் அது கண்ணைத் திறக்கவில்லை. கண்கள் உள்ளே அமுங்கியிருந்தன. அவள் அதைத் துணி விரித்த அட்டைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு விலங்கு மருத்துவமனைக்குப் போனாள். சீட்டு எழுதுகிறவர் “வளர்ப்பவர் பெயர்?” என்று கேட்டபோது யோசிக்காமல் தன் பெயரைச் சொன்னாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் மாட்டினார். சின்ன உடம்புக்குள் இடமே இல்லாமல் முட்டைகள். நாற்பத்து மூன்று என்று இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள்.

“வழி அடைக்கலை. எதுவும் கோணலாவும் இல்லை. கால்சியமும் தண்ணியும் ஏத்தறேன். அப்புறம் முட்டையைத் தள்ளறதுக்கு ஒரு ஊசி. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பாரு. போடலைன்னா வயித்தைத் திறந்துதான் எடுக்கணும். இவ்ளோ சோர்ந்த உசுரு அதைத் தாங்குமான்னா, என்னால உறுதி சொல்ல முடியாது.” கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “உங்க வீட்ல யாரும் எட்டிப் பாக்காத இடம் ஒண்ணுகூடவா இல்லை?”

இந்தக் கேள்வி அவளைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

“வீட்ல இல்லை” என்றாள்.

மருத்துவமனைப் படியில் நின்றே ஆய்வக மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். ஊருக்கு வெளியே நீரேற்று நிலையத்தில் ஆய்வகத்துக்கென்று ஓர் அறை உண்டு. அங்கே தங்குகிறவர் தினமும் காலை ஆறு மணிக்குப் பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதை அவளுக்கு இரண்டு முறை கொடுக்க வந்தார்கள். இரண்டு முறையும் அம்மா, “வயசுப் பொண்ணு தனியா இருந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?” என்றாள், இவளும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

“சார், அந்த பம்ப் ஸ்டேஷன் ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கா?”

“அந்தக் காட்டுக்கு வேற யாரும்மா போவா? எத்தனை நாளைக்கு?”

பெட்டிக்குள் மேடம் ஒரு கண்ணைப் பாதி திறந்து அவளைப் பார்த்தது.

“எத்தனை நாளைக்குத் தருவீங்க?” என்றாள்.

வீட்டுக்குப் போய்க் கூண்டையும் வாளியையும் ஆட்டோவில் ஏற்றினாள். அம்மா வாசல்வரை வந்து, “எங்கேடி?” என்று கேட்டதற்கு, “ஆபீஸ் ரூமுக்கு” என்று மட்டும் சொன்னாள். அண்ணன் கடையில் இருந்தான்.

பம்ப் ஆபரேட்டர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போர்வை சுற்றிய கூண்டைப் பார்த்தார். நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் இருப்பதால் யாரிடமும் உரக்கத்தான் பேசுவார்.

“உள்ளே என்னம்மா?”

“பிரசவம்ணே. யாரும் பாக்கக் கூடாது.”

“அப்படியா?” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அறை ஜன்னலுக்கு எதிரே கிடந்த தன் நாற்காலியைத் தூக்கி, மோட்டார் கொட்டகையின் மறுபக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். முன்பின் தெரியாத மனிதர். ஒரு தடவை சொன்னது அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதற்கெல்லாமா அழுவது என்று தன்மேலேயே எரிச்சலாகவும் வந்தது.

கூண்டை உள்ளே வைத்து, மணலை மறுபடி நனைத்து, கதவைப் பூட்டிச் சாவியைச் சுடிதார்ப் பையில் போட்டுக்கொண்டாள். அன்று அவள் படுத்தது பக்கத்துச் சோதனை அறை பெஞ்சில். காலை ஆறு மணிக்கு மாதிரி எடுத்தாள், குளோரின் பார்த்தாள், கலங்கல் அளவு பார்த்தாள், குறித்தாள். மோட்டார் ஓடும்போது கதவில் காதை வைத்தால் ஒன்றும் கேட்காது. நின்றபோது கேட்டது. சர்… சர்… பிறகு நின்றுவிட்டது. பத்தரை மணியிலிருந்து சத்தமே இல்லை.

போட்டுவிட்டதா, செத்துவிட்டதா? சாவி பையில்தான் இருந்தது. பத்து தடவை கை அதைத் தொட்டது. அம்மா ஏன் துணியைத் தூக்கினாள் என்று அப்போதுதான் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. அந்த அரிப்பு தாங்க முடியாததுதான். ஆனால் தாங்கலாம். அவள் தாங்கினாள். ஆய்வகப் புட்டிகளை ஒன்று விடாமல் கழுவினாள். கழுவியவற்றை இன்னொரு தரம் கழுவினாள்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்து போர்வையை விலக்கினாள்.

வாளியில் மணல் இஸ்திரி போட்ட மாதிரி மட்டமாக இருந்தது. மேடம் நடுக்கிளையில் உட்கார்ந்திருந்தது. வயிறு காலிப் பை மாதிரி இரண்டு பக்கமும் ஒட்டிக் கிடந்தது. இலை நுனியில் தொங்கிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தது. ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது, இப்போது வந்தால் போதும் என்பதுபோல. அவள் மணலைக் கையால் தோண்டினாள். அடியில், வெள்ளை மாத்திரைக் குப்பியைக் கவிழ்த்ததுபோல முட்டைகள். எக்ஸ்ரேயில் நாற்பத்து மூன்று, மணலிலும் நாற்பத்து மூன்று. அவளுடைய ஆய்வகத்தில்கூட முதல் தடவையே இப்படி ஒத்துப்போவது அபூர்வம்.

வியாழக்கிழமை சாயங்காலம் துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். சேதி ஏற்கெனவே போனில் வந்துவிட்டதால் வீடே கலகலப்பாக இருந்தது.

“நாப்பத்து மூணா! என் மேடம்னா சும்மாவா?” என்றான் அண்ணன். “எங்கே அது? ஞாயித்துக்கிழமை பசங்க எல்லாரும் பாக்க வராங்க. முட்டையையும் எடுத்துட்டு வந்தியா?”

“முட்டை டாக்டர்கிட்ட இருக்கு. மேடம் ஆபீஸ் ரூம்ல. அது அங்கேயே இருக்கும்.”

“அங்கேயேன்னா? என் பிராணிடி அது.”

“ஆஸ்பத்திரிச் சீட்டுல என் பேரு இருக்கு. வேணும்னா போய்ப் பாரு. எட்டிப் பாக்கறதுலதான் நீ கெட்டிக்காரனாச்சே.”

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா நடுவில் புகுந்தாள். “சண்டை வேண்டாம். பெரியவனே, நேத்து ராத்திரி என்கிட்ட சொன்னியே, அதைச் சொல்லு.”

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். “சரி. இனிமே அதுக்கு என் ரூம்லயே ஒரு மூலை குடுக்கறேன். அடுத்த தடவை முட்டை வந்தா நான் கூடத்துல படுத்துக்கறேன். போதுமா?”

அவன் நிஜமாகவே பெரிய மனசோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பச்சோந்தி நாலு குழி தோண்டி, செத்துப் பிழைத்து, அந்த வீட்டில் ஒரு மூலையை வாங்கிவிட்டது. இருபத்து மூன்று வருஷத்தில் அவளுக்குக் கிடைக்காத மூலை.

தையல் மிஷின் பலகைமேல் பையை வைத்து உடுப்புகளை அடுக்கினாள். பட்டச் சான்றிதழ் இருந்த உறையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து ஜிப்பை இழுத்தாள்.

“என்னடி இது?” அம்மாவின் குரல் மாறியது. “அதான் முட்டை போட்டாச்சே! இன்னும் எதுக்கு அங்கே?”

“அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, உனக்கா அதுக்கான்னு. நான் அதுக்குன்னு சொன்னேன். பொய் சொன்னேம்மா. எனக்கும்தான்.”

“நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு…”

“பேசட்டும். அவங்களுக்கும் கூடத்துலதானே படுக்கை, பாவம், பொழுது போகணும்ல.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். “இப்ப என்ன கலர்லம்மா இருக்கு அது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“வெளிர் பச்சைப்பா. புள்ளியெல்லாம் போயிடுச்சு.”

“வெள்ளை கொஞ்சம் தூக்கலா இருக்கும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார் அப்பா.

“இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வரலாம்னு நினைக்காதே” என்றான் அண்ணன்.

“தாண்டி ரெண்டு நாள் ஆச்சு. நீ இப்பத்தான் பாக்கறே” என்றாள் அவள். செருப்பை மாட்டினாள்.

அம்மா வாசல்வரை வந்தாள். கோபமும் அழுகையும் எது முந்துவது என்று அவள் முகத்தில் அடித்துக்கொண்டன. கடைசியில் இரண்டும் வரவில்லை.

“நான் வந்தா… பாக்கலாமாடி?”

“வாம்மா. தாராளமா வா. கதவைத் தட்டிட்டு வா.”

பதிலுக்கு நிற்காமல் படியிறங்கினாள். சுடிதார்ப் பையில் சாவி ஒவ்வோர் அடிக்கும் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது.